இந்த வருஷக் காலண்டரில் தேசம்மா

ஐயா,

போனில் பேசலாம் என்றால், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி. உன் செய்தி சேனலில் காலைக் கூட்டத்தின் நடு நாற்காலி இனி உனக்குத்தான், எந்தச் செய்தி போக வேண்டும், எது வேண்டாம் என்று நீதான் சொல்லப் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். திருவொற்றியூர்க் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். எதிர்க்கடைக்காரனுக்கு வேண்டுமென்றே இரண்டு கொடுத்தேன். பெருமை இல்லாமல் இருக்குமா? ஆனால் பெருமையைச் சொல்ல மட்டும் நான் பேனா எடுக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கூடவே ஒரு பார்சல் வருகிறது. இதைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரி.

வியாபாரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உடன்குடியிலிருந்து என் அண்ணன் ஏற்றிவிட்ட கருப்பட்டியைக் காலடிப்பேட்டை மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து விற்க உட்கார்ந்தேன். போகிறவர்களும் வருகிறவர்களும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே போனார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கருப்பட்டி வேண்டாம் போலிருக்கிறது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் வாழைப்பழம் விற்றவர் தன் காலிப் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்து, "இதுமேல தூக்கி வையி தாயி, மன்சன் குனிஞ்சு பாக்க மாட்டான்" என்றார். வைத்தேன். பொழுது சாய்வதற்குள் ஓலைச் சிப்பம் முழுதும் காலி. கருப்பட்டி அதே கருப்பட்டிதான், ஏறியது இடம் மட்டும். அன்று முதல் இந்த மொத்த மளிகைக் கடை வரைக்கும், 'இது போகாத சரக்கு' என்று எவன் வந்து சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே வைத்திருந்தாய் என்பதுதான். உன்னிடமும் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

தேசம்மாவை உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன், உங்கள் சேனல் சொல்லவில்லையே. முகத்துவாரக்குப்பத்துப் பெண். ஆற்று முகத்தில் மீன் குறைந்த பிறகு அவள் புருஷன் ஏழுமலை கிடைத்த கூலி வேலைக்குப் போக, இவள் எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டி போட்டாள். இட்லி, தோசை, அன்றைக்கு எந்த மீன் கிடைத்ததோ அந்த மீனில் குழம்பு. ஆந்திராக்கார டிரைவரையும் பீகார்க்கார கிளீனரையும் ஒரே தமிழில் திட்டி ஒரே கரண்டியில் பரிமாறுவாள். அரிசியும் உளுந்தும் நம் கடையில்தான். வரும்போதே சண்டையோடு வருவாள். "யக்கா, போன தபா குட்த்தியே, அது இன்னா உளுந்து? கிரைண்டரே அழுவுது" என்பாள். நான் எதையாவது எடை கூட்டிப் போட்டால்தான் அவள் முகம் மலரும். அந்தச் சண்டைக்காகவே அவள் வரும் நேரத்தில் நான் கல்லாவில் இருப்பேன்.

கடைசியாக வந்த அன்றும் அதே சண்டைதான். ஆடி முடிந்த வாரம், உச்சி வெயில். உளுந்து மூட்டையை ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். பெண்ணுக்குச் சளி, மருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றாள். வழியில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டு, மூட்டையை மட்டும் தள்ளுவண்டியில் இறக்கிவிடும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். தெரிந்த மனிதர், சொன்னபடி இறக்கிவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆள் போய்ச் சேரவில்லை. பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வருவாள் என்று அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்ததாம்.

ஏழுமலையோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் தனியாகப் போனால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள். என் வயசுக்கும் என் வாய்க்கும் ஒரு நாற்காலியாவது கிடைக்கும். உட்காரச் சொன்னார்கள். முதல் கேள்வியே, "யார்கூடப் போச்சு?" ஏழுமலை தலை குனிந்துகொண்டான். நான் சொன்னேன்: "எங்க போச்சுன்னு கேளுங்க சார். யார்கூடங்கறது அவ கெடச்ச பொறவு அவளே சொல்லுவா." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் பார்த்தேன். புகார் ரசீது கைக்கு வரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கு முன்னாலேயே குப்பத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் லாரி வரிசையில், மீன் ஏலத்தில், எங்கும் அதே பேச்சு. வசதியான வீட்டுப் பெண் காணாமல் போனால் ஊர் எங்கே என்று தேடும். தள்ளுவண்டிக்காரி காணாமல் போனால் யாரோடு என்று சிரிக்கும். சிரித்து முடித்தவன் தேடப் போவானா?

அன்றைக்கு எனக்குத் தேர்த் திருவிழா நினைவு வந்தது. நீ நான்கு வயதில் என் கையை விட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாய். நான் செருப்பு அறுந்து, தலை கலைந்து, பைத்தியக்காரி மாதிரி மைக் கட்டியிருந்த பந்தலுக்கு ஓடினேன். மைக் பிடித்தவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. நான் யார், உன் அப்பா யார் என்றும் கேட்கவில்லை. "இன்னா சட்டை போட்டுகினு கீறான்?" என்று மட்டும் கேட்டார். மஞ்சள் சட்டை என்றேன். எனக்கு முன்னால் கார் வைத்திருந்த நகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன அதே குரலில், அதே அளவு தடவை, உன்னையும் சொன்னார். ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இன்று உன் கையில் இருப்பதும் மைக்தான். அந்தப் பந்தல் மைக்கைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அந்த வாரமே நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண் காணாமல் போனாள். உங்கள் சேனலைப் போட்டால் அவள், மாற்றினால் அடுத்ததிலும் அவள். அவள் பரதநாட்டியம் ஆடிய வீடியோ, அவள் ஸ்கூட்டர் போன வழிக்குச் சிவப்புக் கோடு, அவள் பிரின்சிபால், அவள் தோழி, அவள் வளர்த்த நாய். நான் உன்னைக் கூப்பிட்டேன். ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாய். ஏழுமலையின் கல்யாணப் படத்தில் அவன் தோளை வெட்டிவிட்டு அவளை மட்டும் அனுப்பினேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "விஷுவல் இல்லம்மா. பாக்கறவங்க கனெக்ட் ஆக மாட்டாங்க. நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல, ஆனா இது ஓடாதும்மா." என் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சாயங்காலம் திரைக்குக் கீழே ஓடும் வரியில் ஒரு தடவை வந்தது: 'எண்ணூரில் பெண் மாயம்'. பெயர் இல்லை. தேசம்மா என்று நாலு எழுத்து போட அந்த வரியில் இடமில்லையா, ஐயா? கடையில் வேலை பார்க்கிற பெண்கள் டிவி முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரி போனதும் ஒருத்தி, "அவ்ளோதானா?" என்றாள்.

கல்லூரிப் பெண் கிடைத்துவிட்டாள். ராயபுரம் மாதா கோயிலில் அவளுக்காக நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன், யாராவது கேட்டால் சொல். பெற்றவள் வயிறு எல்லாப் பக்கமும் ஒன்றுதான், அந்தப் பிள்ளைமேல் எனக்கென்ன கோபம்? அவள் எப்படிக் கிடைத்தாள் என்பதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் வளையல் கடைக்காரி ஒருத்தி டிவியில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உட்கார வைத்து, போன் பண்ணியிருக்கிறாள். நீங்கள் காட்டினீர்கள், ஒருத்தி பார்த்தாள், பிள்ளை வீடு வந்தது. காட்டினால் கிடைக்கிறார்கள் என்று நீங்களே நிரூபித்துவிட்டு, ஓடாது என்று என்னிடம் சொன்னால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? கீழ்த்தட்டில் மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, சரக்கு போகவில்லை என்கிறாய்.

ஏழுமலையும் அவன் தோஸ்துகளும் சும்மா இருக்கவில்லை. கைக்காசு போட்டுப் போஸ்டர் அடித்தார்கள். அதில்தான் வந்தது வினை. நம் பக்கத்துப் பிரிண்டிங் கடையில் எல்லாவற்றுக்கும் டிசைன் தயாராக இருக்கும், படத்தை மாற்றினால் போதும். மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, தலைவர் பிறந்தநாளுக்கு நாலு, சாவுக்கு ஒன்று. காணாமல் போனவர்களுக்கென்று கடைக்காரரிடம் டிசைனே இல்லை. "கீறது இவ்ளோதான் நைனா" என்று சாவு டிசைனிலேயே கண்ணீர் அஞ்சலியை எடுத்துவிட்டுக் 'காணவில்லை' என்று போட்டுக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் குத்துவிளக்கு அப்படியே இருக்கிறது, மேலிருந்து பூக்கள் விழுகின்றன. சுவரில் ஒட்டிய பிறகு யார் நின்று எழுத்தைப் படிக்கிறார்கள்? மறுநாள் லாரி டிரைவர்கள் மாலையோடு தள்ளுவண்டிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் ஏழுமலையைக் கட்டிப்பிடித்து அழுதார். கண்ணில் படுகிறாளா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனவர்கள், செத்துப்போனாள் என்று நினைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தேசம்மா மகளிடம் கருமாதி எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். ஏழுமலை ரோடு நெடுக நடந்து அத்தனை போஸ்டரையும் நகத்தால் சுரண்டி எடுத்தான்.

ஆனால் அந்த மாலைக் கூட்டத்தில்தான் எனக்குப் படம் கிடைத்தது. நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் போனில் தேசம்மாவை எடுத்து வைத்திருந்தார். ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கை இடுப்பில், பாக்கி வைத்த எவனையோ திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். மூக்குத்தி வெயிலில் மின்னுகிறது. இதைவிட என்ன விஷுவல் வேண்டும் உங்களுக்கு? அந்த வாரம்தான் சிவகாசி ஏஜென்ட் அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆல்பம் கொண்டுவந்தார். வருஷா வருஷம் நான் மூன்று தினுசு போடுவேன், உனக்குத் தெரியும்: முருகன் வீட்டுக்கு முருகன், மாதா வீட்டுக்கு மாதா, பாய் வீட்டுக்குப் பள்ளிவாசல். மாதவரத்திலிருந்து மீஞ்சூர் வரை நம் சில்லறைக் கடைகளிலும், லாரி செட்டுகளிலும், அங்கிருந்து ஆந்திரா ரோட்டு டீக்கடைகளிலும் தொங்குவது அதுதான். ஆல்பத்தை மூடிவிட்டு, இந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் ஒரே படம் என்றேன். ஏஜென்ட் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

நீ அன்று போனில் கத்தினாய். கடைப் பேர் கெட்டுவிடும் என்றாய், படத்தைப் போட்டாலும் கடைப் பேரை எடுத்துவிடு என்றாய். எடுக்கவில்லை. பேர் போடாமல் விற்கிறவன் கலப்படக்காரன். சாமி இல்லாத காலண்டர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நம்மிடம் வெகுகாலமாகச் சரக்கெடுக்கும் எர்ணாவூர்க் கடைக்காரர் வாசலிலேயே நின்று, "காணாமப் போனவ மூஞ்சில முழிச்சா வூட்டுக்கு ஆவாதுக்கா" என்றார். நான் சொன்னேன்: "அவ கைத் தோசைய நீரு தின்னதில்லையா? அப்ப மட்டும் வயித்துக்கு ஆச்சோ?" பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் சிரித்துவிட்டு, அவர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். சிலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும். போஸ்டரில் பட்ட பாடு போதும் என்று படத்துக்குக் கீழேயே பெரிதாக அடித்திருந்தேன்: 'பொட்டு வைக்காதீர்கள், பூப் போடாதீர்கள். இவள் பெயர் தேசம்மா. இவளைத் தேடுகிறோம்.' அப்படியும் ஒரு டீக்கடையில் பழக்கதோஷத்தில் ஊதுவத்தி செருகி வைத்திருந்தார்களாம். ஏழுமலை பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தான்.

தையில் போன்கள் வர ஆரம்பித்தன. நம் கடை நம்பருக்குத்தான். பாதிப் பேர் குடிகாரர்கள், சிலர் பரிசு உண்டா என்று கேட்டார்கள், ஒருவன் அசிங்கமாகப் பேசினான், அவனுக்கு நம் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னேன். நம்பும்படியாக வந்த இடத்துக்கெல்லாம் ஏழுமலை போனான். ஆந்திராவில் நாயுடுபேட்டைப் பக்கத்தில் ஆதரவற்றவர்கள் தங்கும் விடுதியில் சமைக்கிற அம்மா, டயர் கடையில் காலண்டரைப் பார்த்துவிட்டு, இதே ஜாடையில் ஒரு பெண் இருக்கிறாள், என்ன கேட்டாலும் தமிழில்தான் ஏதோ சொல்கிறாள், இங்கே யாருக்கும் புரியவில்லை என்று தெலுங்கில் சொன்னார். ஏழுமலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். சாயங்காலம் போன் வந்தது. "தேசம்மா இல்லக்கா" என்றான். பிறகு சொன்னான்: "ஆனா இதுவும் யாரோ வூட்டுப் பொம்பள தானக்கா. பக்கத்துல குந்திகினு எந்த ஊருன்னு கேட்டேன். நம்ம மெட்ராசு எம்.கே.பி. நகருன்னுது. வூடு தேடி சொல்லிட்றியா?"

சொன்னேன். நானே போய்ச் சொன்னேன். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் அவள் தங்கை கதவைத் திறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு புத்தி தடுமாறி வீட்டை விட்டுப் போனவளாம். இவர்கள் ஸ்டேஷனுக்கே போகவில்லை. "யார்கூடன்னு கேப்பாங்களேம்மா" என்றாள். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள், தங்கை பெயர் நினைவு வருகிறது. நீயே யோசித்துப் பார். யாரும் காட்டாத ஒருத்தியைத் தேடப் போன இடத்தில், யாரும் தேடாத இன்னொருத்தி கிடைத்திருக்கிறாள். ஒரு மளிகைக் கடைக் காலண்டருக்கே இது முடிந்தது. வீட்டுக்கு வீடு பேசுகிற உன் பெட்டிக்கு என்ன முடியாது?

இது வேண்டுகோள் இல்லை, நான் உன்னிடம் கெஞ்சவில்லை. தினமும் காலையில் தங்கம் விலை சொல்கிறீர்கள். கேட்கிறவர்களில் வாங்குகிறவன் எத்தனை பேர்? ஆனாலும் ஒரு நாள் விடாமல் சொல்கிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு முகம் வை. ஒரு நாளைக்கு ஒருத்தி, பெயரோடு, ஊரோடு, என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதோடு. எண்ணூராக இருந்தாலும் சரி, அடையாறாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் அதே நேரம், அதே அளவு. ஓடாது என்று எவனாவது அந்தக் கூட்டத்தில் சொன்னால், எங்கே வைத்தாய் என்று கேள். உன் நாற்காலி ஆடும் என்றால் ஆடட்டும். நம் கடைக் கல்லாவில் உனக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது, எனக்கும் முட்டி வலி. நீ செய்தாலும் செய்யாவிட்டாலும் அடுத்த வருஷக் காலண்டரிலும் அவள்தான். தேசம்மா வந்து, "இன்னாக்கா, என்னக் கேக்காம போட்டோ போட்டுகீற" என்று சண்டைக்கு நிற்கும் வரைக்கும் அவள்தான். அவள் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் தேதியைக் கிழிக்கிறாள். தாள் குறைகிறது, மேலே அம்மா அப்படியே இருக்கிறாள்.

பார்சலில் இருப்பது அந்தக் காலண்டர்தான். உன் வீட்டுக்கு இல்லை, காலைக் கூட்டம் நடக்கும் அந்த அறைக்கு. கண்ணாடிச் சுவர், அனுமதி வேண்டும், ஆணி இல்லை என்றெல்லாம் சொல்வாய் என்று தெரியும். கண்ணாடியாக இருந்தால் தூணில் அடி. ஆணியும் சேர்த்தே கட்டியிருக்கிறேன். எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ கருப்பட்டி விற்றவள் மகன்.

அம்மா